சர்க்கரை நோயுள்ள சிறு குழந்தையை வீட்டில் கவனிப்பது: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வார்டில் இருக்கும்வரை ஊசி போடவும் சுகர் பார்க்கவும் நாங்கள் இருக்கிறோம். மருந்துப் பையோடு பண்ருட்டிக்கோ பாகூருக்கோ பஸ் ஏறிய பிறகு எல்லாம் வீட்டாரின் பொறுப்பு. டிஸ்சார்ஜ் நாளிலும் அதற்குப் பிறகு போனிலும் தாய்மார்களும் ஆயாக்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது. ஊசியின் அளவை மட்டும் உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை பெரியவர்களுக்கு வருவதுதானே சிஸ்டர்? மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி வந்தது? மிட்டாய் அதிகம் கொடுத்துவிட்டோமா?

மிட்டாயால் வரவில்லை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்ட எதனாலும் வரவில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழித்துவிடுகிறது. இதுதான் முதல் வகைச் சர்க்கரை நோய். தாத்தா பாட்டிக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. அவர்கள் உடலில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் போதிய அளவு வேலை செய்வதில்லை. உங்கள் பிள்ளைக்கோ சுரப்பதே நின்றுபோகிறது.

"உன் வீட்டு வழியில் வந்தது" என்று தாயைக் குற்றம் சொல்லும் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. அதை அன்றே நிறுத்துங்கள். நாள்தோறும் ஊசி போடப்போகிறவர் அவர்தான். அவர் மனம் உடைந்தால் பாதிக்கப்படுவது பிள்ளை.

மாத்திரையில் சரிசெய்ய முடியாதா? கடைசிவரை ஊசிதானா?

ஊசிதான். இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே கொடுத்தால் வயிற்றில் செரித்துப் பயனில்லாமல் போய்விடும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. இன்று அதே நோயோடு படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் கண்டால் அது பெரும்பாலும் மரபணு மாற்றத்தால் வருவது. அந்தக் குழந்தைகளுக்கு மரபணுப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரையே போதுமானதாகிறது. "எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுத்தார்களே" என்று நீங்கள் கேள்விப்பட்டது இதுவாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதத்தில் ஊசி அளவு பாதியாகக் குறைந்துவிட்டது. குணமாகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. சிகிச்சை தொடங்கியதும், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச காலம் தெம்பாக வேலை செய்யும். சில வாரமோ பல மாதமோ இது நீடிக்கும். பிறகு தேவை மீண்டும் ஏறும். வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்துச் சிலர் ஊசியை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். அளவைக் குறைக்கலாம், மருத்துவர் சொல்லி. நிறுத்தக் கூடாது.

சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்தால் இன்சுலின் தேவைப்படாது என்கிறார்களே?

எந்தப் பொடியும் கஷாயமும் அழிந்த பீட்டா செல்லைத் திரும்பக் கொண்டுவராது. இன்சுலினை நிறுத்திவிட்டு இவற்றைக் கொடுத்தால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை.

இரண்டு விதமான இன்சுலின் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று போதாதா?

நாள் முழுவதும் அடிப்படையாக வேலை செய்ய ஒன்று, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒன்று. முதலாவதைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், பிள்ளை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். சாப்பாட்டுக்கு உரியது எந்த வகை என்று பாருங்கள். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற விரைவு வகையானால் சாப்பிடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு. ரெகுலர் என்று எழுதியிருந்தால் அரை மணி நேரம் முன்பு. பால்போல் கலங்கலாக இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

மருந்துக் கடையில் "எந்த சிரிஞ்சு வேண்டும், நாற்பதா நூறா" என்று கேட்கிறார்கள். எதை வாங்கினால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்தியில் விற்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. சிரிஞ்சும் அப்படியே இரண்டு வகை. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. குப்பியில் எந்த எண்ணோ அதே எண்தான் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும்.

மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிள்ளைக்கு 4 யூனிட் எழுதியிருக்கிறார்கள். 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். பதினைந்து கிலோ குழந்தைக்கு இது மயக்கம் வரவைக்கும் அளவு. தலைகீழாக, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் போவது 1.6 யூனிட் மட்டும். "ஊசி போட்டும் சுகர் இறங்கவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் காட்டுங்கள் என்பதுதான். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் மருந்து 100 அடர்த்தியிலோ அதற்கு மேலோ இருக்கும். பேனா பழுதானாலும் அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடாதீர்கள். கடை மாற்றும்போதும், அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கும்போதும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

எங்கே குத்துவது? ஊசியைப் பார்த்தாலே பிள்ளை அலறுகிறது.

வயிறு, தொடையின் வெளிப்புறம், மேல் கையின் பின்புறம், பிட்டத்தின் மேல்பகுதி. சின்னக் குழந்தைக்குப் பிட்டமும் தொடையும் வசதி. தோலை இரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துக் குத்துங்கள். பேனாவானால் 4 மில்லிமீட்டர் ஊசி போதும், அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு எடுங்கள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி சேரும். அங்கே வலி குறைவு என்பதால் பிள்ளை அந்த இடத்தையே காட்டும். ஆனால் அங்கே போட்ட மருந்து ஒரு நாள் போல் ஒரு நாள் வேலை செய்யாது. வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

அழுகையைப் பற்றி: நீண்ட சமாதானம் வேண்டாம். அரை மணி நேரம் கெஞ்சினால் அரை மணி நேரமும் பயம்தான் வளரும். "வலது காலா, இடது காலா?" என்று கேளுங்கள். போடலாமா என்று கேட்காதீர்கள். சட்டென்று போட்டுவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள். "சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் ஊசி போட்டுவிடுவேன்" என்று மற்ற பிள்ளைகளை மிரட்டுவதுபோல் இந்தப் பிள்ளையை யாரும் மிரட்டக் கூடாது. ஊசி தண்டனை என்று அதன் மனத்தில் பதிந்துவிடும்.

பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கும்.

விரலில் பார்த்தால் 320. ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்த்தால் 140. மெஷின் கெட்டுப்போய்விட்டதா?

பிள்ளை அதற்கு முன் என்ன தொட்டது? மாம்பழமோ பலாச்சுளையோ தின்ற விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு, அந்தத் துளி இரத்தத்தில் கலந்து அளவை ஏற்றிக் காட்டும். சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்கும் டப்பாவை உடனே மூடுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கும் முன்னும் பார்க்க வேண்டும். அளவு மாற்றிய நாளிலும், உடம்பு சரியில்லாத நாளிலும், அதிகம் விளையாடிய நாளிலும் இரவு இரண்டு மூன்று மணிக்கும் பாருங்கள். பெரும்பாலான நேரம் 70க்கும் 180க்கும் இடையே இருந்தால் நல்லது. எல்லா நேரமும் அப்படியே இருக்காது. ஒரு 260ஐப் பார்த்து யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. அதை நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் ஒரே நேரத்தில் ஏறினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார் வாங்கினால் விரலில் குத்த வேண்டியதில்லையா?

வசதி இருந்தால் நல்ல கருவி, முக்கியமாக இரவுக்கு. ஆனால் அது காட்டுவது சில நிமிடம் பின்தங்கிய அளவு. பிள்ளையின் தோற்றமும் திரையில் உள்ள எண்ணும் பொருந்தாவிட்டால் விரலில் பாருங்கள்.

சுகர் இறங்கினால் பேசத் தெரியாத பிள்ளை எப்படிச் சொல்லும்?

சொல்லாது. நீங்கள்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். திடீரென்று முகம் வெளிறும். வியர்க்கும். கை நடுங்கும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை சுருண்டு உட்காரும், அல்லது காரணமில்லாமல் பிடிவாதம் பிடித்து அழும். கண் ஓரிடத்தில் நிலைக்கும். "இன்றைக்கு என்னவோ அடம்" என்று கடந்துபோகாமல் உடனே விரலில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சிகிச்சை தேவை. பார்க்க முடியாத இடத்தில் இருந்தால் இறங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது கணக்கு. பதினைந்து கிலோ பிள்ளைக்குச் சுமார் 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை. கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவையுங்கள். சாக்லேட், பிஸ்கட், பால் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் அரை இட்லி போதும். பயத்தில் ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் அடுத்த மணி நேரத்தில் 350க்கு ஏறி நிற்கும்.

நினைவில்லாமல் போய்விட்டால்? வலிப்பு வந்தால்?

வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இறங்கிய சுகரை ஏற்றும் குளுக்ககான் மருந்து வீட்டில் இருந்தால் கொடுங்கள். ஊசியானால் 25 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அரை மில்லிகிராம். இது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. எங்கே வாங்குவது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். அடுத்த வேளை இன்சுலினைப் போடும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஊசி போட்டாயிற்று. இரண்டு வாய் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இப்போது என்ன செய்வது?

இரண்டு வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் தினமும் நடப்பது இது. முதலில், வாயைத் திறந்து திணிக்காதீர்கள். எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஊசி போட்டீர்களோ, அந்த அளவு வேறு ஏதாவது வடிவில் உள்ளே போனால் போதும். சோறு வேண்டாம் என்றால் ஒரு வாழைப்பழம், பால், இட்லி. அதுவும் போகாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை சுகர் பார்த்து, இறங்கினால் மேலே சொன்னபடி செய்யுங்கள்.

தினமும் இப்படித்தான் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரைவு வகை இன்சுலினாக இருந்தால், பிள்ளை சாப்பிட்டு முடித்த உடனே, தின்ற அளவுக்கேற்பப் போடலாம் என்று அவர் அனுமதிக்கக்கூடும். அரை யூனிட்வரை அளக்கும் பேனாவும் உண்டு, சின்னக் குழந்தைக்கு அது பெரிய உதவி. ரெகுலர் வகையில் இந்த வழி சரிப்படாது.

சோறு கூடாதா? பலாப்பழம்? கருப்பட்டி கொடுக்கலாமாமே?

வளரும் பிள்ளைக்குச் சோற்றை நிறுத்தக் கூடாது. அளந்து கொடுங்கள், அவ்வளவுதான். நூறு கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 15 கிராம். கொட்டை நீக்கிய பலாச்சுளை நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, சில வாரம் எடை போட்டுப் பழகுங்கள். பிறகு கரண்டியிலேயே கணக்குத் தெரிந்துவிடும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே வெள்ளைச் சர்க்கரைபோலத்தான் சுகரை ஏற்றும். மீனும் முட்டையும் ஏற்றாது என்று சொல்லலாம். தேவனாம்பட்டினத்தில் கரையிறங்கும் மத்தியும் சங்கராவும் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு.

பண்ருட்டிக்காரர் வீட்டில் பலா சீசனில் பிள்ளையை மட்டும் தனியாக உட்காரவைக்காதீர்கள். இரண்டு சுளை, சாப்பாட்டோடு, அதற்குரிய இன்சுலினோடு கொடுங்கள். ஒளித்து வைத்தால் அது ஒளித்துத் தின்னும். அப்போது ஊசிக் கணக்கு தவறிவிடும்.

காய்ச்சலும் வாந்தியுமாக இருக்கிறது. ஒன்றும் சாப்பிடவில்லை. இன்சுலினை நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. உடம்பு முடியாதபோது, சாப்பிடாவிட்டாலும் சுகர் ஏறும், கீட்டோனும் சேரும். அடிப்படை இன்சுலினை வழக்கம்போலப் போடுங்கள். சாப்பாட்டுக்கு உரியதை எவ்வளவு போடுவது என்று போனில் கேளுங்கள். இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சுகர், கூடவே சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப். சுகர் 250க்கு மேல் இருந்தால் தண்ணீர், உப்புப் போட்ட மோர். இறங்கிக்கொண்டிருந்தால் ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர். எதுவானாலும் சிறிது சிறிதாக.

வாந்தி நிற்கவில்லை, கீட்டோன் நடுத்தரமோ அதிகமோ காட்டுகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கிறது, வாயில் பழ வாசனை, தூங்கித் தூங்கி விழுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோரிமேட்டு ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, எது அருகிலோ அங்கே போங்கள். வாசலிலேயே "சர்க்கரை நோயுள்ள பிள்ளை, வாந்தி எடுக்கிறது" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இந்த மூச்சை வீசிங் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

ஒன்று கவனியுங்கள். வயிற்றுப்போக்கில் சிறுநீர் நன்றாகப் போனால் நீர்ச்சத்து இருக்கிறது என்று சொல்வோம். சுகர் ஏறிய பிள்ளைக்கு அந்த அடையாளம் செல்லாது. உடல் வற்றியிருக்கும்போதும் அதற்குச் சிறுநீர் நிறையப் போகும். நாக்கையும் கண்ணையும் பாருங்கள். வீசிங்குக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாலும் சுகர் ஏறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. புயல் வந்து கரண்ட் போனால் மருந்து கெட்டுவிடாதா?

திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலும் நான்கு வாரம் வெளியில் தாங்கும், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். கத்திரி வெயிலில் நம் ஓட்டு வீடும் ஷீட் வீடும் அதற்கு மேல் கொதிக்கும். பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, உள்ளே சிறிய பானை வைத்து, அதில் நீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். ஜன்னலோர நிழலில், காற்றுப் படும்படி. ஃபிரிட்ஜ் இருந்தால் உறையும் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூர்க் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்ததையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை மீறியதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு மாத மருந்தும், சிரிஞ்சும், ஸ்ட்ரிப்பும், சர்க்கரையும், மருத்துவர் எழுதிய தாளின் நகலும் நீர் புகாத ஒரு பையில் தயாராக இருக்கட்டும். முகாமுக்குப் போக நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்தப் பை.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அனுப்பலாமா?

அனுப்ப வேண்டும். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் தருகிறார்கள். இரண்டுமே கூடாதவை அல்ல, ஆனால் அவற்றுக்கும் ஊசிக் கணக்கு உண்டு. வீட்டில் ஊசி போட்டு இட்லி கொடுத்து அனுப்பிய பிள்ளை அங்கேயும் ஊசி இல்லாமல் சாப்பிட்டால் பத்து மணிக்கு ஏறி நிற்கும். எங்கே சாப்பிடுகிறது என்பதை ஆசிரியரோடு பேசி ஒன்றாக முடிவு செய்யுங்கள். மதிய ஊசிக்குத் தாயோ ஆயாவோ போய்வருவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

சில பள்ளிகள் தயங்கும். தேர்வு எழுதும் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் சுகர் இறங்கினால் சாப்பிடும் இனிப்பு மாத்திரை, பழம், தின்பண்டம், தண்ணீர் கொண்டுவர சி.பி.எஸ்.இ. 2017இலேயே அனுமதித்திருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். ஓடி விளையாடவும் தடையில்லை. சில்வர் பீச்சில் ஒரு மாலை முழுக்க ஓடினால் சுகர் அப்போதும் இறங்கும், பல மணி நேரம் கழித்துத் தூக்கத்திலும் இறங்கும். அன்றிரவு எழுந்து பார்க்க வேண்டும் என்பதை மேலே சொன்னேன்.

தடுப்பூசி போடலாமா? இவள் தம்பிக்கும் வருமா?

எல்லாத் தடுப்பூசியும் உரிய நேரத்தில் போடுங்கள். உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூறில் ஐந்து என்ற அளவில்தான், தொற்றும் நோய் அல்ல. ஆனால் தம்பி அடிக்கடி சிறுநீர் கழித்து, தாகம் எடுத்து, இளைத்தால், அல்லது நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தால் அன்றே சுகர் பாருங்கள்.

எப்போது தானே ஊசி போட்டுக்கொள்வாள்?

நான்கு வயதில் விரலை நீட்டுவாள். எட்டு, பத்து வயதில் நீங்கள் பக்கத்தில் நிற்கத் தானே போட்டுக்கொள்ளலாம். அளவை முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் அவசரப்பட்டு அவளிடம் விடாதீர்கள். பதின்ம வயதிலும் பெரியவர் ஒருவரின் பார்வை தேவை.

பெண் குழந்தை. நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்கிறோம் சிஸ்டர், சரிதானே?

உங்கள் பயம் புரிகிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். ஆனால் பிள்ளை உங்கள் கண்ணில் படாமல் இருக்கும் நேரத்தில் அதன் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்: வகுப்பு ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், அடிக்கடி விளையாடப் போகும் வீட்டு அத்தை. அவர்களுக்கு நோயின் முழு விவரம் தேவையில்லை. வெளிறி வியர்த்தால் பையின் முன் அறையில் இருக்கும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்க வேண்டும், தூங்குகிறது என்று விட்டுவிடக் கூடாது, எழுப்பியும் எழாவிட்டால் வாயில் ஊற்றாமல் 108க்கும் உங்களுக்கும் போன் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, உங்கள் எண்ணோடு பையில் வைத்துவிடுங்கள்.